பிள்ளை பெற்ற உடம்புக்கு அவசரம் வேண்டாம்

பத்து மாதமாக ஏறிய எடை பத்தே நாளில் இறங்காது. விரிந்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே சுமார் 6 வாரம் ஆகும்.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதம் தினமும் ஏறக்குறைய 500 முதல் 600 கலோரி கூடுதலாகத் தேவை. ஆகவே பட்டினி கூடவே கூடாது. பத்தியச் சமையலில் பூண்டுக் குழம்பு இருக்கட்டும். குறைக்க வேண்டியது லேகியத்தில் மிதக்கும் நெய்யும் தட்டில் குவியும் சோறும்தான். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் முருங்கைக்கீரைப் பொரியலும் ஒரு முட்டையும் வைக்கலாம்.

வயிற்றில் துணி கட்டினால் கொழுப்பு கரையாது.

சுகப்பிரசவமானால் சில நாளிலேயே மெதுவாக நடக்கத் தொடங்கலாம். சிசேரியன் என்றால் மருத்துவரைக் கேட்ட பிறகே உடற்பயிற்சி. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே போதும். பிள்ளை தூங்கும் நேரத்தில் தாயும் தூங்கட்டும். சமையலறையை வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும்.