ஊசியும் சட்டமும்

கரும்பு பயிரிடுவோர் ஒன்றை நன்கு அறிவர். நோயுற்ற கரும்பை வெட்டிய கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த தோட்டத்துக் கரணைகளை நறுக்கினால், மறுதாம்பைக் குன்றச் செய்யும் குட்டை நோய் அங்கும் தொற்றிவிடுகிறது. தீங்கு செய்தது கத்தியன்று. அதில் ஒட்டியிருந்த சாறே. போதை மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றிக்கொள்வோரிடையே எச்.ஐ.வி. கிருமி பரவுவதும் இவ்வாறே. ஒருவர் பயன்படுத்திய சிரிஞ்சில் கண்ணுக்குப் புலப்படாத அளவு இரத்தம் தங்கிவிடுகிறது. அதே ஊசியை அடுத்தவர் குத்திக்கொள்ளும்போது அதுவும் உடலுள் புகுகிறது. கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் ‘சி’ கிருமி இவ்வழியில் இன்னும் எளிதாகப் பரவும்.

இதனைத் தடுக்க எழுந்த ஏற்பாடே ஊசி மாற்று நிலையம். பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதை விலையின்றிப் பெற்றுச் செல்லலாம். 1984-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் இது தொடங்கிற்று. அமெரிக்காவிலோ சட்டம் குறுக்கே நின்றது. போதைப் பொருளை மட்டுமன்றி, அதனை உட்கொள்ள உதவும் கருவிகளையும் தடை செய்வதற்கான மாதிரிச் சட்டம் ஒன்றை 1979-இல் அந்நாட்டு நீதித் துறை வகுத்தது. மாநிலங்கள் பலவும் அதனைப் பின்பற்றின. 1988-இல் மத்திய அரசாங்கத்தின் பணத்தை இதற்குச் செலவிடவும் தடை வந்தது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தடை தளர்ந்தபோதுங்கூட, ஊழியர் ஊதியம் முதலியவற்றிற்கே இடமளித்தனர். ஊசி வாங்க அளிக்கவில்லை. ஏருக்கும் மாட்டுக்கும் பணம் தந்து விதை நெல்லுக்கு இல்லை என்பது போன்றது இது!

இனி, நம் கிராமங்களைப் போன்ற ஓரிடத்தில் நிகழ்ந்ததைக் காண்போம். இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி என்பது சுமார் 24,000 மக்கள் வாழும் நாட்டுப்புறப் பகுதி. அதனுள் ஆஸ்டின் என்னும் சிற்றூரில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்தனர். அவ்வூருக்கு மருத்துவர் ஒருவரே. அங்கே கடும் வலிக்குக் கொடுக்கப்படும் ஆக்ஸிமார்ஃபோன் மாத்திரையைக் கரைத்து ஊசி வழியே ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவியிருந்தது. பாட்டன், பெற்றோர், பிள்ளை என மூன்று தலைமுறையினர் கூடி ஏற்றிக்கொண்ட குடும்பங்களும் இருந்தன. போதைக்கெனச் சிரிஞ்சு வைத்திருப்பதோ அம்மாநிலச் சட்டப்படி பெருங்குற்றம். தனக்கென ஊசி வைத்துக்கொள்ள அஞ்சியவர்கள், கிடைத்த ஒன்றையே பலருமாகப் பயன்படுத்தினர்.

அதற்கு முன் ஆண்டுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே எச்.ஐ.வி. காணப்பட்ட அப்பகுதியில், 2014 நவம்பர் முதல் ஓராண்டுக்குள் 181 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைடிஸ் ‘சி’யும் இருந்தது. ஊசி மாற்றுக் கொள்கையை விரும்பாதவரான ஆளுநர் மைக் பென்ஸ், 2015 மார்ச் 26-இல் நெருக்கடி நிலையை அறிவித்து, அக்கவுண்டிக்கு மட்டும் தற்காலிக அனுமதி தந்தார். ஏப்ரலில் நிலையம் திறக்கப்பட்டது. ஊசியுடன் வருவோரைக் காவலர் பிடித்துவிடாதிருக்க, பங்குகொள்வோருக்கு அடையாள அட்டை வழங்கினர். ஊசி பெற வந்தவர்களுக்கே சோதனையும் சிகிச்சைக்கு வழியும் கிடைத்தன. சில ஆண்டுகளில் புதிய தொற்று விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குக் குறைந்தது.

இதனை முதன்முதல் படித்தபோது, நஞ்சு உண்பவனுக்குக் கிண்ணம் நீட்டுவதா என்றே நாமும் எண்ணினோம். உறுப்பினர்களுக்கும் அவ்வாறு தோன்றின் வியப்பில்லை. ஆயின் ஊசி கொடாததால் ஆஸ்டினில் எவரும் பழக்கத்தைக் கைவிடவில்லை. அழுக்கு ஊசியையே நாடினர். எனினும் எதிர்ப்பாளரை அறிவிலிகள் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. தெருவில் கிடக்கும் ஊசி குழந்தையின் காலில் குத்துமே என்னும் தாயின் அச்சம் மெய்யானது. கொடுத்த ஊசி முழுவதும் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்ப்பதும், கூரிய கழிவுகளைப் போடப் பெட்டி வைப்பதும் இவ்வேலையின் பாதி எனலாம்.

அக்கவுண்டியை ஆள்வது மூவர் கொண்ட ஒரு குழு. 2021 ஜூன் மாதம், நிலையத்தை மூடுவதென 2-க்கு 1 என்ற வாக்கில் அக்குழு முடிவு செய்தது. தாம் கொடுத்த ஊசியே, மிகையாக மருந்தேற்றிக்கொள்ளும் ஒருவரின் உயிரைப் போக்கக்கூடுமே என்பது அவர்களின் மனவருத்தம். மருத்துவர் பலர் எடுத்துக் கூறியும் பயனில்லை. மூவருள் ஒருவர் கை மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 22-ஆம் பிரிவு, தொற்றைக் குறைக்க மேற்கொள்ளும் இத்தகைய வழிகளைக் குற்றமாகக் கருதலாகாது என்கிறது. ஆகவே, அரசாங்கத் திட்டத்தின்கீழ் ஊசி வழங்கவோ பழைய ஊசியைச் சேகரிக்கவோ வரும் களப்பணியாளரைக் கண்டு ஐயுற்று, பஞ்சாயத்தார் ஊரைவிட்டுத் துரத்தக் கூடாது. முதலில் அவரது அடையாளச் சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம். சோதனை செய்துகொள்ள விரும்புவோரை அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்கு அனுப்பலாம். கட்டணமில்லை, பெயர் வெளியாகாது. விவரம் கேட்க 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண் உண்டு.