ஒரு சுவிட்ச் நின்றால் ஊர்ப்பட்ட எச்சரிக்கை

கேள்வி: எங்கள் கல்லூரி வலையமைப்பை நாகியோஸ் கொண்டு கண்காணிக்கிறோம். ஒரு கட்டடத்தின் சுவிட்ச் நின்றால், அதன் பின்னாலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி மின்னஞ்சல் வந்து குவிகிறது. என்ன செய்வது?

பதில்: எது எதன் வழியாக இணைந்திருக்கிறது என்பது நாகியோஸுக்குத் தெரியவில்லை. அந்தச் சுவிட்சையும் ஒரு ஹோஸ்டாகச் சேருங்கள். பிறகு, அதன் பின்னாலுள்ள ஒவ்வொரு கணினியின் வரையறையிலும் ‘பேரண்ட்ஸ்’ வரியில் சுவிட்சின் பெயரை எழுதுங்கள். இனி சுவிட்ச் நின்றால் அது மட்டுமே ‘டவுன்’, மற்றவை ‘அன்ரீச்சபிள்’.

பலர் இத்தோடு நிறுத்திவிட்டு, மின்னஞ்சல் குறையவில்லையே என்று குழம்புகிறார்கள். அந்தக் கணினிகளின் ‘நோட்டிஃபிகேஷன் ஆப்ஷன்ஸ்’ வரியில் ‘யு’ இருந்தால் எட்டாத கணினிக்கும் எச்சரிக்கை போகும். அந்த எழுத்தை நீக்குங்கள். ‘டி’, ‘ஆர்’ இரண்டும் இருக்கட்டும். வரியே இல்லையென்றாலும் எல்லா வகை எச்சரிக்கையும் போகும் என்பதால், அதை நீங்களே எழுதிவிடுவது நல்லது.

‘மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸ்’ மதிப்பையும் பாருங்கள். 1 என்றிருந்தால் ஒருமுறை பதில் வராவிட்டாலே அலறும். 3 அல்லது 4 வையுங்கள். சேவையை மறுபடி தொடங்குமுன் நாகியோஸின் ‘-வி’ தெரிவால் கோப்பைச் சரிபார்த்துவிடுங்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் அங்கேயே காட்டிக்கொடுக்கும்.