முதுகுச் சுமையும் காமிராப் பையும்

சுமை தூக்கும் கலையில் நம்மவர் எவருக்கும் இளைத்தவரல்லர். தலையிற் சும்மாடு வைத்து மூட்டை சுமப்பவரைப் பாருங்கள். மூட்டையின் எடை முதுகெலும்புக்கு நேர்மேலே விழுகிறது. உடல் முன்னும் சாய்வதில்லை, பின்னும் சாய்வதில்லை. காவடி சுமப்பவரோ தண்டின் இருபுறமும் எடையைச் சமன் செய்துகொள்கிறார். முதுகுப்பை இவ்விரண்டிலும் வேறுபட்டது. அதன் எடை முழுவதும் நமக்குப் பின்னால் தொங்குகிறது. தொல்லைக்கெல்லாம் வித்து அதுவே.

மலையேறிப் படம் பிடிக்கும் ஆவல் நம் மாணவரிடையே பெருகியிருக்கிறது. அவர்கள் எத்தகைய பையை வாங்குவது என்பதை இயற்பியல் கொண்டு ஆராய்வோம். எடுத்துக்காட்டுக்கு நான் அறிந்த மலையையே கொள்கிறேன். என் ஊர் கோலார் தங்கவயலிலுள்ள ராபர்ட்சன்பேட்டை. அங்கிருந்து பேருந்தில் கோலார் சென்றால், நகரை அடுத்தே அந்தரகங்கை மலை. பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்க, இடையிலுள்ள குகைகளில் குனிந்தும் தவழ்ந்தும் செல்லவேண்டிய மலை அது.

அங்குக் கொண்டுசெல்லும் பொருள்களைத் தராசில் இட்டுப் பார்ப்போம். காமிரா 800 கிராம். அகலக்கோண லென்சு 600 கிராம். பறவைகளைப் பிடிக்கும் தொலைநோக்கு லென்சு 2 கிலோ. முக்காலி 2 கிலோ. நீர் 3 கிலோ. உணவு, மழைச்சட்டை, கைவிளக்கு எல்லாம் ஒன்றரைக் கிலோ. வெறும் பையின் எடை 2 கிலோ. ஆகமொத்தம் ஏறத்தாழ 12 கிலோ. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமவாதே என்பது மலைநடைக்காரர் வழக்கு. 58 கிலோ எடையுள்ள எனக்கு அவ்வெல்லை 11.6 கிலோ! முக்காலியைத் தோழர் எவரிடமாவது ஒப்படைக்க வேண்டியதுதான். (கானுயிர்ப் படக்கலையில் பெயர்பெற்ற மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர், பல உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த பளுவான காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். பளுவை நகைச்சுவையால் குறைத்தார் போலும்!)

இனிக் கணக்குக்கு வருவோம். பையின் புவியீர்ப்பு மையம் நம் உடலின் மையத்துக்கு 20 செ.மீ. பின்னால் இருப்பதாகக் கொள்வோம். உடல் 58, பை 12, ஆக 70 கிலோ. இரண்டும் சேர்ந்த மையம் 12 × 20 ÷ 70, அதாவது ஏறத்தாழ 3.4 செ.மீ. பின்னுக்கு நகர்கிறது. அதே பை தொளதொளவென்று முதுகைவிட்டு விலகி 30 செ.மீ. பின்னால் தொங்கினாலோ, 5 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். இதென்ன பெரிய தொலைவு என்பீர்கள். நாம் நிமிர்ந்து நிற்கையில் உடலின் எடைக்கோடு கணுக்காலுக்குச் சில செ.மீ. மட்டுமே முன்னால் விழுகிறது. அந்தச் சில செ.மீ. போய்விட்டால், ஒரு சிறு இடறலே நம்மை மல்லாக்கத் தள்ளப் போதும். ஆதலின் உடல் தானாகவே முன்குனிகிறது. வழியைக் காணக் கழுத்தை நிமிர்த்துகிறோம். மாலையில் பிடரி வலிப்பதன் காரணம் இதுதான். எடை கூடவில்லை, எடை இருக்கும் இடமே மாறியது.

இடத்தை அடுத்து, தாங்கும் உறுப்பு. தோள்வார் நெடுநேரம் அழுத்தினால் கைக்குச் செல்லும் நரம்புகள் நசுங்கிக் கை மரத்துப்போகும். படைவீரரிடம் மருத்துவர்கள் கண்டறிந்த கேடு இது. தோளைவிட இடுப்பெலும்பு வலிது. டிக் கெல்டி என்ற அமெரிக்கர் சியரா நெவாடா மலையில் நடக்கையில், பைச்சட்டத்தின் முனைகளைக் கால்சட்டையின் பின்பைகளில் செருகிப் பார்த்தார். தோளின் பாரம் இடுப்புக்கு இறங்கியது. 1952இல் அவர் அலுமினியச் சட்டப் பைகளை விற்கத் தொடங்கினார். இடுப்புவார் பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1967இல் கிரெக் லோ சட்டத்தைப் பைக்குள்ளேயே மறைத்தார். குகையிடுக்கில் நுழைவோர்க்கு இத்தகைய உட்சட்டப் பையே ஏற்றது.

காமிராவுக்கென்றே விற்கும் பைகள் பல, கருவியைப் பஞ்சணையில் வைத்துத் தாலாட்டுகின்றன, சுமப்பவனை மறந்துவிடுகின்றன. அவற்றின் இடுப்புவார் பெரும்பாலும் வெறும் நாடா; பை ஆடாமல் பிடிக்குமேயன்றிச் சுமை தாங்காது. என் கருத்தில், 35 முதல் 45 லிட்டர் கொள்ளும் மலைநடைப் பையை வாங்கி, அதனுள் மெத்தைப்பெட்டி ஒன்றை வைப்பதே நன்று. உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவனுக்கு இதில் வேறொரு வசதியும் உண்டு: பெட்டியை வெளியே எடுத்தால், அதே பை விடுமுறைக்கு ஊர் செல்லவும் உதவும்.

பையின் லிட்டர் அளவைக் காட்டிலும் முதுகின் நீளமே முதன்மையானது. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பு ஒன்று கையில் தட்டுப்படும். அதிலிருந்து இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பு மட்டம் வரை நூல்பிடித்து அளக்கச் சொல்லுங்கள். உயரமானவர்க்கு முதுகும் நீளம் என்று எண்ணவேண்டா. கால்நீளத்தால் உயர்ந்தோரும் உளர்.

கடையில் வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை. 5 கிலோ அரிசிப்பை இரண்டை உடன் கொண்டுபோய் உள்ளே இடுங்கள். முதலில் இடுப்புவாரை எலும்பின்மேல் இறுக்குக, பிறகே தோள்வார், கடைசியில் மார்புவார். மாடிப்படி ஏறி இறங்குக. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், முதுகு நம்முடையதன்றோ?

அடுக்கும் முறையும் உண்டு. கனத்த லென்சு முதுகோடு ஒட்டி, தோட்பட்டைகளுக்கிடையே இருக்கவேண்டும். பாறைகளில் தாவும் இடங்களில் அதைச் சற்றே தாழ்த்தினால் தள்ளாட்டம் குறையும். முக்காலி ஒரு பக்கமென்றால் நீர்ப்புட்டி மறுபக்கம். ஆனால் குடிக்கக் குடிக்கத் துலாக்கோல் சாயும், நினைவிருக்கட்டும்.

எங்கள் ஊருக்கே உரிய ஓர் இடரையும் சொல்லவேண்டும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவை விட்டுச்சென்ற சயனைடு மேடுகள் இன்றும் நிற்கின்றன. காற்று வீசினால் அவற்றின் நுண்துகள் எங்கும் படியும். அம்மேடுகளையும் பழைய சுரங்கவாய்களையும் படம் எடுக்க வருவோர் பலர். அவர்களுக்கு, முதுகுப்பக்கம் திறக்கும் பையே ஏற்றது. கீழே கிடத்தும்போது முன்புறம் மண்ணில் படியும். முதுகில் படும் பக்கம் தூய்மையாய் இருக்கும். லென்சை மாற்றுவதாயின் காற்றுக்கு முதுகைக் காட்டி, பையின் வாய்க்குள்ளேயே மாற்றுக. பல்லிணைப்பில் துகள் சிக்கினால் இழுத்துப் பிய்க்காமல் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டால் போதும்.