வீட்டிலேயே குழந்தைக் காப்பகம்

அன்று ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார்கள், குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். இன்று ஜொகூர் பாருவில் பெற்றோர் பலர், பொழுது விடியுமுன்பே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் சிலர் குழந்தைகளை அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கின்றனர்.

நான்கு வயதுக்குட்பட்ட நான்கு முதல் ஒன்பது குழந்தைகளை ஊதியம் பெற்று வீட்டில் பராமரிப்பவர், 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிவு செய்தல் வேண்டும். அடிப்படைப் பயிற்சியும் பெறுதல் வேண்டும்.

ஒரு வயது நிரம்பாத மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருத்தல் வேண்டும் என்பது விதி. தீ மூண்டால், ஒருவரால் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற இயலும்? தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு இத்தகைய விதிகளே அரணாகும்.