வாரபந்தி முறையைக் கற்பித்தல்

பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் கிளைக்கால்வாயிலிருந்து 'மோகா' எனப்படும் மதகின் வழியாக வெளிவரும் நீர், அதன்கீழ் நிலமுடைய குடியானவர் அனைவருக்கும் பொதுவாகும். அதனை அவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் முறையே வாரபந்தி. 'வாரா' என்பது முறையையும், 'பந்தி' என்பது அதன் நிர்ணயத்தையும் குறிக்கும். சுழற்சி ஏழு நாட்களில், அதாவது 168 மணிகளில், முடிவடைகிறது. ஒருவருக்குரிய நேரத்தில் வாய்க்காலின் நீர் முழுவதும் அவருடைய வயலுக்கே செல்லும். 1974-75இல் தொடங்கிய பாசனப் பரப்பு வளர்ச்சித் திட்டத்தின் வாயிலாக இத்தகைய முறைப்பாசனம் பிற மாநிலங்களிலும் கொண்டுவரப்பட்டது.

பணியாளர் சிலர், முன்னரே வகுத்த அட்டவணையைக் கூட்டத்தில் படித்துவிட்டு அதனையே பயிற்சி என்று கருதுகின்றனர். தன் நேரம் எவ்வாறு வந்தது என்பதை அறியாத குடியானவன் அயலானைச் சந்தேகிப்பது இயல்பே. ஆகவே கணக்கை அவர்களைக் கொண்டே கரும்பலகையில் போடச் செய்தல் வேண்டும்.

ஒரு மோகாவின்கீழ் 332 ஏக்கர் நிலம் உள்ளதாகக் கொள்வோம். முறை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு மாறும்போது, இடைப்பட்ட வறண்ட வாய்க்கால் நிரம்பச் சிறிது நேரமாகும். இது 'பராய்'. அந்நேரம் அவருக்குக் கூடுதலாக அளிக்கப்படும். முறை மீண்டும் தலைமடைக்குச் சென்றபின், வாய்க்காலில் தங்கிய நீர் கடைமடைக்காரரின் வயலில் வடியும். இது 'ஜராய்'. இதற்குரிய நேரம் அவருடைய பங்கிலிருந்து கழிக்கப்படும். பராய் மொத்தம் 4 மணி, ஜராய் 2 மணி எனில், 168இலிருந்து 4ஐக் கழித்து 2ஐக் கூட்ட, 166 மணி கிடைக்கும். அதனை 332ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 30 நிமிஷமாகும். இடையில் 8 ஏக்கரும் 15 நிமிஷப் பராயும் உடையவருக்கு 4 மணி 15 நிமிஷம். கடைமடையில் அதே அளவு நிலமும் அதே பராயும் உடையவருக்கு 2 மணி 15 நிமிஷமே.

இந்த வேறுபாட்டின் காரணத்தை விளக்காமல் கடந்து செல்லலாகாது. பூசல் பெரும்பாலும் இங்குதான் தோன்றுகிறது. இரவு முறை யாருக்கும் விருப்பமானதன்று. ஆதலின் பல இடங்களில் ஆண்டுக்கொருமுறை அட்டவணையை 12 மணி நேரம் தள்ளி வைக்கின்றனர்.

ஆயினும் கடைமடைக்காரரின் குறை இத்துடன் தீர்வதில்லை. மண் வாய்க்காலில் வழிநெடுக நீர் கசிகிறது. வாரபந்தி நேரத்தைச் சமமாகப் பங்கிடுகிறதேயன்றி நீரின் அளவையன்று. வழக்கமான கணக்கில் கசிவுக்கு ஈடு இல்லை. இவ்வுண்மையைப் பணியாளர் மறைத்தல் கூடாது. வாதிப்பதைவிட அளந்து காட்டுவதே நன்று.

கடைமடையின் முறை நடைபெறும்போது, ஏனைய மடைகள் யாவும் அடைபட்டுள்ளனவா என்று முதலில் பார்க்க. பின்னர் மோகாவின் அருகிலும் கடைமடையிலும் நேரான, சீரான அகலமுள்ள 30 அடி நீளத்தைத் தெரிந்துகொள்க. ஒரு எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு, அத்தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறதென்று பலமுறை குறிக்க. வினாடிக்கு இத்தனை அடி என்னும் வேகத்தை வாய்க்கால் நீரின் சராசரி அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்குக. மேற்பரப்பின் வேகம் சராசரி வேகத்தைவிட மிகுதியாதலால் இவ்வளவு துல்லியமாகாது. ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட இது போதும். தலைமடைக்காரர்களையே கடைமடையில் அளக்கச் செய்க.

தூர்வாரி, புல்லை அகற்றி, எலிவளைகளை அடைத்தபின் மறுமுறை அளந்து, முந்தைய அளவின் பக்கத்திலேயே அதனையும் எழுதுக.