முட்டுக் கொடுக்கும் முன் கையால் ஒரு கணக்கு

ஸ்ட்ரக்சுரல் என்ஜினியராக வேலையைத் தொடங்கும் பிள்ளைகளுக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி நல்ல பள்ளிக்கூடம். பஜார் ரோட்டில் மிளகும் இஞ்சியும் அடுக்கியிருந்த பழைய கிடங்குகள் சில கஃபேக்களாகிவிட்டன. 2012-இல் பியனாலே கலைவிழா தொடங்கிய பிறகு கலைக்கூடங்களும் வந்தன. அப்படிப்பட்ட கட்டடத்தில் கால் வைத்ததும் வரும் கேள்வி: "உத்திரம் தொய்யுது சார், நடுவுல ஒரு முட்டுக் கொடுத்துடலாமா?"

முட்டுக் கொடுத்ததும் கணக்கு மாறிவிடும். இரண்டு சுவர்மேல் கிடக்கும் உத்திரத்துக்குச் சமநிலைச் சமன்பாடுகளே போதும். மூன்றாவது தாங்கி வந்தால் உத்திரம் எவ்வளவு வளைகிறது என்பதையும் சேர்த்தால்தான் விடை கிடைக்கும்.

8 மீட்டர் உத்திரம், மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் பாரம் என்று வையுங்கள். நடுவில் பெண்டிங் மொமென்ட் 80 கிலோநியூட்டன்-மீட்டர். சரிநடுவில் தூண் நிறுத்திவிட்டுப் பாரம் ஏற்றினால் தூணுக்கு மேல் 20தான், ஆனால் எதிர்த்திசையில். சுவருக்கு 40 கிலோநியூட்டனாக இறங்கிய பாரம் இப்போது 15, 50, 15 என்று பிரியும். மரத்துக்கு மேற்புறம் இழுபட்டாலும் கவலையில்லை. அடியில் மட்டும் கம்பி போட்ட கான்கிரீட் உத்திரம் மேலே வெடிப்பு விடும். ஏற்கெனவே ஏறியிருக்கும் பாரத்தில், ஜாக்கி வைத்துத் தூக்காதவரை, தூண் பங்கு வாங்காது. புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

அந்த 50 எங்கே இறங்குகிறது? கொச்சியின் இளகிய கடல் களிமண்ணில். தூண் அமுங்க அமுங்க அது தாங்கும் பங்கு குறையும். முழுக்க விலகினால் மறுபடி அதே 80. ஆகவே அஸ்திவாரத்தை முடிவு செய்யாமல் தூணைப் பற்றிப் பேசாதீர்கள்.

எந்த முறை? ஒரே ஒரு தாங்கி கூடுதல் என்றால் அதை எடுத்துவிட்டுத் தொய்வைக் கணக்கிடுங்கள். அந்தத் தொய்வை நீக்கும் விசைதான் தாங்கியின் எதிர்விசை. பல ஸ்பான் தொடர்ந்தால் கிளாபெய்ரோன் 1857-இல் வெளியிட்ட மூன்று மொமென்ட் சமன்பாடு கைகொடுக்கும். தாங்கி அமுங்குவதையும் அதில் சேர்க்கலாம். சட்டகங்களுக்கு ஹார்டி கிராஸ் 1930-இல் பத்தே பக்கத்தில் எழுதிய மொமென்ட் டிஸ்ட்ரிபியூஷன். ஸ்டாட் புரோ மென்பொருள் நொடியில் விடை தரும்தான். ஆனால் தாங்கி அசையாது என்று நீங்கள் கொடுத்தால் அது அப்படியே எடுத்துக்கொள்ளும்.

நேர்முகத் தேர்வில் மென்பொருள் பெயர்களை அடுக்காதீர்கள். உத்திரம் வளையும் வடிவத்தைத் தாளில் வரைந்து, இழுவை எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். வேலை கிடைத்து முதல் தூணை நிறுத்தும் நாளில் அதன் அடியில் லெவல் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி எடுத்து, எவ்வளவு இறங்கியது என்பதைக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.