உவர்மலை வீட்டில் சீஸ் ஃபொண்டூ

கேள்வி: சுவிஸில் பேர்ண் நகரில் இருக்கும் அண்ணா குடும்பம் இந்த ஆடி விடுமுறைக்கு எங்களிடம் வருகிறது. அங்கே பிறந்த மருமக்கள் இருவருக்கும், உருக்கிய சீஸில் பாணைத் தோய்த்துச் சாப்பிடும் சீஸ் ஃபொண்டூ என்றால் உயிர். மச்சாள் போனமுறை வந்தபோது ஃபொண்டூச் சட்டி, சிறிய ஸ்பிரிட் அடுப்பு, ஆறு நீளமான முள்ளுக்கரண்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனா. மூத்தவளின் பிறந்தநாளுக்கு அதைச் செய்து கொடுக்க ஆசை. பதினான்கு பேர் வருவார்கள். கிண்ணியாவிலிருந்து எங்கள் முஸ்லிம் நண்பர்களின் குடும்பமும் வரும். அம்மா வைன் போத்தலை வாசல்படி தாண்ட விடமாட்டா. போன கிழமை செடார் சீஸைத் துருவி, பாலில் போட்டு, தேசிக்காயும் விட்டு உருக்கிப் பார்த்தேன். அடியில் றப்பர் உருண்டை, மேலே எண்ணெய். எங்கே பிழை?
— வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: பிழை பாலில் இருக்கிறது. சூடான பாலில் தேசிக்காய்ப் புளி விட்டால் பால் திரையும் என்பது நீங்கள் அறிந்ததுதான். திரைந்த பாலுக்குள் சீஸும் சேர்ந்து கட்டியாகிவிட்டது. அத்துடன் கோன்ஃப்ளவர் சேர்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அது இல்லாமல் வீட்டு ஃபொண்டூவை நம்பி விருந்து வைக்க முடியாது.

சீஸில் இருக்கும் கேசீன் என்ற புரதம் கல்சியத்தால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கிறது. சூடு ஏறும்போது அந்தப் பிணைப்பு இறுகி, உள்ளே இருக்கும் கொழுப்பை வெளியே தள்ளும். நீங்கள் கண்ட எண்ணெய் அதுதான். சுவிஸ்காரர் வெள்ளை வைன் விடுவது ருசிக்காக மட்டுமல்ல. வைனில் உள்ள புளிப்பு அமிலங்கள் கல்சியத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். புரதம் நெகிழ்ந்து கொழுப்பைச் சுற்றிப் பிடிக்கும். வைனின் முக்கிய அமிலமான தார்த்தாரிக் அமிலந்தான் நம் பழப்புளியிலும் இருக்கிறது. ஆனாலும் புளி சீஸை மண்ணிறமாக்கிவிடும். தேசிக்காயின் சிற்றிக் அமிலம் அதே வேலையை நிறம் கெடாமல் செய்யும். ஆகவே வைன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வைனைக் கொதிக்கவிட்டால் மதுசாரம் முழுக்கப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை, ஒரு பங்கு தங்கவே செய்யும். கிண்ணியா நண்பர்களுக்கு அப்படிப் பரிமாறக் கூடாது. அண்ணா சுவிஸிலிருந்து ஆயத்தக் கலவைப் பக்கற் கொண்டுவந்தாலும் லேபிளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் வெள்ளை வைனும், செரிப் பழத்தில் வடித்த கிர்ஷ் சாராயமும் முன்கூட்டியே கலந்திருக்கும்.

அடுத்தது மாப்பொருள். சூரிச்சின் ஈ.ரி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஃபொண்டூவின் தடிப்பையும் ஓட்டத்தையும் அளந்து பார்த்தார்கள். உருளைக்கிழங்கு மாப்பொருள் 3 வீதமாவது இருந்தால்தான் கலவை பிரியாமல் நிற்கும் என்று கண்டார்கள். வீட்டில் கோன்ஃப்ளவரை அதே அளவில் போடலாம். மஞ்சள் சோளமா அல்ல, கஸ்டர்ட் காய்ச்சப் பயன்படும் வெள்ளை மாவைத்தான் சொல்கிறேன்.

எந்தச் சீஸ்? சுவிஸில் குறுயேரையும் வஷ்ரானையும் சரிபாதி கலப்பார்கள். இங்கே அதைத் தேடி அலைய வேண்டாம். கௌடா கிடைத்தால் அதுவே முதல் தெரிவு, வழுவழுப்பாக உருகும். செடார் என்றால் இளசானதாக எடுங்கள், முதிர்ந்தது எண்ணெய் கக்கும். மொசரெல்லா அதிகம் வேண்டாம், நூல் நூலாக இழுபடும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நம் கடைகளில் வட்டப் பெட்டியில் முக்கோணத் துண்டுகளாக விற்கும் சாதாரண புரோசஸ்ட் சீஸாக இருக்கட்டும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அந்தச் சீஸும் சுவிஸில் பிறந்ததுதான். பேர்ண் மாநிலத்தின் தூண் நகரில் வோல்ட்டர் கேர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர், வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸைத் தேடி, 1911இல் சோடியம் சிற்றேற்றுடன் உருக்கிச் செய்தார்கள். பிரியாமல் பிடிக்கும் அந்த உப்பு வகை இன்றும் புரோசஸ்ட் சீஸில் இருக்கிறது. சட்டியில் உள்ள மற்றச் சீஸையும் அது சேர்த்துப் பிடிக்கும். மருமக்கள் முகம் சுழித்தால் அது அவர்களுடைய பேர்ணில் பிறந்த சரக்கு என்று சொல்லுங்கள்.

ஆறு முள்ளுக்கரண்டி உள்ள சட்டியைச் சுற்றிப் பதினான்கு பேர் நிற்க முடியாது. இரண்டு தடவையாகச் செய்யுங்கள், முதலில் பிள்ளைகளுக்கு. சுவிஸில் அதுவே முழுச் சாப்பாடு என்பதால் ஆளுக்கு 200 கிராம் கணக்கு. உங்கள் மேசையில் ரோல்ஸும் கேக்கும் இருக்கும். 70, 80 கிராம் தாராளம்.

ஒரு தடவைக்கு 500 கிராம் சீஸைத் துருவி, 24 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டி கோன்ஃப்ளவரில் நன்றாகப் பிரட்டி வையுங்கள். சட்டியின் உட்புறத்தில் வெட்டிய உள்ளிப் பல்லைத் தேயுங்கள். இனிப்புக் குறைந்த அப்பிள் ஜூஸ் 100 மில்லிலீற்றர், தண்ணீர் 100 மில்லிலீற்றர், தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றை ஊற்றி, ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். நெருப்பைக் குறைத்து, சீஸை ஒவ்வொரு பிடியாகப் போட்டுக் கிளறுங்கள். ஒரு பிடி உருகிய பிறகே அடுத்தது. அவசரம் இங்கேதான் கெடுக்கும். எல்லாம் சேர்ந்தபின் மெல்லிய குமிழி வரும்வரை விட்டால் மாப்பொருள் வெந்து தடிக்கும். மிளகும் கொஞ்சம் சாதிக்காயும் தூவுங்கள். உப்பு வேண்டாம். பிரிவதுபோலத் தெரிந்தால் ஒரு தேக்கரண்டி கோன்ஃப்ளவரைத் தேசிக்காய்ப் புளியில் கரைத்து ஊற்றி, அடுப்பில் வைத்து வேகமாக அடியுங்கள். பெரும்பாலும் திரும்பி வரும்.

தொட்டுச் சாப்பிட ரோஸ் பாணைவிட நல்லது இல்லை. முதல்நாள் வாங்கிய பாணை, ஒவ்வொரு துண்டிலும் கருகிய தோல் இருக்கும்படி வெட்டுங்கள். முள்ளிலிருந்து கழன்று விழாது. அவித்த உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் பொருந்தும். கொட்டியாரக் குடா இறால் கிடைத்தால் உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து வையுங்கள். சுவிஸில் அப்படி வழக்கமில்லை, ஆனால் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் வீட்டில் இறாலை விலக்க எனக்கு மனமில்லை.

ஸ்பிரிட் அடுப்பு பற்றிக் கண்டிப்பாக ஒன்று. எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ ஸ்பிரிட் ஊற்றவே வேண்டாம். பகலில் அந்தச் சுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றுபவர் கையில் போத்தலே பற்றிக்கொள்ளும். ஆடியில் கச்சான் காற்று வேறு. மொட்டைமாடியிலோ முற்றத்திலோ வைக்காதீர்கள். இத்தனை பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் நானாக இருந்தால் அந்த அடுப்பை எடுக்கவே மாட்டேன். காஸ் அடுப்பில் காய்ச்சி, ரைஸ் குக்கர் பாத்திரத்துக்கு மாற்றி, ‘வோர்ம்’ நிலையில் மேசையில் வைப்பேன். ஆடி வெக்கைக்கு மாலை ஏழு மணிக்குப் பிறகு தொடங்குவது நல்லது.

குடிக்க இஞ்சி போட்ட பிளேன்ரீ. 2010இல் சூரிச் மருத்துவர்கள் 20 பேருக்கு ஃபொண்டூ கொடுத்துச் சோதித்தார்கள். வைன் குடித்தவர்களின் இரைப்பை, பால் விடாத தேநீர் குடித்தவர்களைவிட மெதுவாகவே வெறுமையானது. அம்மாவிடம் சொல்லுங்கள், மகிழ்வா.

சட்டியின் அடியில் மிஞ்சும் பொருக்கை எறிந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் சோற்றுக் காந்தலுக்கு நடக்கும் சண்டை சுவிஸில் அதற்கு நடக்கும். சட்டியில் பாணைத் தவறவிட்டவர் பாட்டுப் பாட வேண்டும், அல்லது கோப்பை கழுவ வேண்டும் என்ற விளையாட்டும் உண்டு. மருமக்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். 1930களில் சுவிஸ் சீஸ் சங்கம் பெரும் பிரசாரம் செய்துதான் இந்தச் சாப்பாட்டை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது. 1983க்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்த நம் பிள்ளைகள் பலர் உணவகச் சமையலறைகளில் இதைக் காய்ச்சிக் கொடுத்தே குடும்பத்தைத் தாங்கினார்கள். அந்தச் சட்டி இப்போது அவர்கள் பிறந்த ஊருக்கு வருவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி: விலையைப் பார்த்தால் சீஸ் கட்டுப்படியாகாது. எருமைத் தயிரை வடித்துக் கட்டியோ பனீர் செய்தோ ஃபொண்டூ காய்ச்சலாமா? சைவச் சாப்பாட்டுக்காரருக்குக் கொடுக்கலாமா?
— வாசகர், கந்தளாய்

பதில்: உருகாது. தயிரும் பனீரும் புளிப்பால் உறைந்தவை. கல்சியம் முன்பே முழுக்கக் கரைந்து, புரதம் தன்னோடு தானே இறுகிவிட்டதால் எவ்வளவு சூடாக்கினாலும் இளகாமல் காய்ந்து பொரியும். சைவம் பற்றிக் கேட்டது நல்லது. குறுயேர் முதலிய பாரம்பரியச் சுவிஸ் சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட்டால் உறைய வைக்கிறார்கள். லேபிளில் ‘மைக்ரோபியல் ரெனட்’ அல்லது ‘வெஜிடேரியன்’ என்று இருந்தால் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் தயிரை இரவு முழுக்கத் துணியில் தொங்கவிட்டு வடித்து, நசுக்கிய உள்ளி, பச்சைமிளகாய், மிளகு, உப்புச் சேர்த்துக் குளிரவைத்து, ரோஸ் பாணுடன் அதே மேசையில் வையுங்கள்.